கம்ப்யூட்டரில் ஏலம் போன என் மிளகு மூட்டை

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வாயை விட்டேன். எங்கள் மலைமேல் செம்மேடு சந்தையில். மீதி எல்லாம் அதனால் வந்தது.

இரண்டாயிரம் பிறந்து மூணு நாலு வருஷம் ஆகியிருக்கும். எனக்கு அஞ்சாவது வரை படிப்பு. (அஞ்சாவது முடிக்கவில்லை. வரைக்கும்தான்.) அந்த வருஷம் மிளகு நல்ல காய்ப்பு. எட்டு நாள் வெயிலில் போட்டு, புடைத்து, ஒரு மூட்டை கட்டி சந்தைக்குக் கொண்டுபோனேன். வழக்கமாக வாங்கும் வியாபாரி ஒரு மிளகை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார்.

"ஈரம் இருக்குதுங்களே."

"ஈரம் உங்க வாயில இருக்குதுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் பேசி யாரும் சிரித்ததில்லை. தலைக்கு ஏறிவிட்டது. மூட்டையை இறுக்கிக் கட்டினேன்.

"இத வெளிநாட்டுக்காரனுக்கு வித்துக்கறேன். இனி உங்ககிட்ட ஒரு மிளகு வராது."

வியாபாரிக்குக் கோபமே வரவில்லை. "வித்துட்டு வந்து சொல்லுங்க சாமி. சந்தோசமா கேட்டுக்கறேன். விக்கலைன்னாலும் வாங்க. நான் எங்கயும் போயிடல," என்றார். சந்தையே கேட்டது. இனி மிளகோடு அவர் கடைக்குத் திரும்பினால் ஊரில் தலை காட்ட முடியாது.

மூட்டையோடு பஸ் ஸ்டாண்டு வரை வந்த பிறகுதான் எனக்கு வெளிநாட்டுக்காரன் எவனையும் தெரியாது என்பது ஞாபகம் வந்தது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சுமதி கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தது. எங்க ஊர்ப் பொண்ணு. நாமக்கல்லில் படித்துவிட்டு வந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"இதுல ஏலம் விடலாங்ணா. உலகமே பாக்கும். யார் கூட கேக்கறாங்களோ அவங்களுக்கு."

ஏலம் என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. (புரிந்ததுதான் கோளாறு.)

எங்க ஊர் நோன்பியில், அதாவது கோயில் திருவிழாவில், ஏலம் உண்டு. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கோயிலுக்கு ஏதாவது கொண்டுவந்து வைப்பார்கள். தேங்காய், வாழைத்தார், பலாப்பழம். அதைச் சாமி பேரில் ஏலம் விடுவார்கள். ஒரு வீட்டுப் பொருளைக் கேட்க ஆளில்லை என்றால் அந்த வீட்டுக்கே அவமானம். அதனால் மாமன், மச்சான், பங்காளி முந்திக்கொண்டு விலையை ஏற்றிவிடுவார்கள். எடுத்தவருக்குத் தலையில் துண்டு கட்டவேண்டும். பணம் அடுத்த நோன்பிக்குத் தந்தால் போதும்.

சுமதி, போட்டோ வேண்டும் என்றது. ஸ்டுடியோவுக்குப் போனேன். ஸ்டுடியோக்காரர் எனக்குப் பவுடர் போட்டு, வேட்டியை விரித்துவிட்டு, மூட்டைக்கு முன்னால் நிற்கவைத்து எடுத்தார். கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நான் நிற்கிறேன். மூட்டை வேட்டிக்குப் பின்னால்.

"பொருளைப் பத்தி நாலு வார்த்தை சொல்லுங்ணா. எழுதறேன்."

"மிளகு."

"இன்னும் கொஞ்சம்."

யோசித்தேன். "கருப்பா இருக்கும்."

அதற்கு மேல் சுமதியே எழுதிக்கொண்டது. ஏழு நாள் கெடு. கடைசி நாள் சாயங்காலம் நாலு மணிக்கு முடியும்.

முதல் நாள் போனேன். "யாரும் கேக்கலீங்ணா." இரண்டாம் நாள் போனேன். "இல்லீங்ணா." வெளியே வந்தால் எதிரே வியாபாரி. "என்னங்க, கப்பல் வந்துருச்சுங்களா?" என்றார். நான் பஸ் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் பெங்களூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தது. வியாபாரி சொன்னதைவிட நல்ல விலை. கூடவே ஒரு கேள்வி: "படத்தில் மிளகு எங்கே?" சுமதி பதில் போட்டது: "அவருக்குப் பின்னால்."

வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரி ராசம்மாவிடம் சொன்னேன்.

"ஒருத்தர் கேட்டிருக்காங்க."

"உலகமே பாக்குதுன்னீங்க. ஒருத்தர்தானுங்களா?" என்றது. முகம் வாடிவிட்டது.

அங்கேதான் வினை பிடித்தது. மறுநாளே ராசம்மா திருப்புலி நாட்டில் (எங்கள் மலையில் சில ஊர் சேர்ந்தால் ஒரு நாடு) இருக்கும் தன் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டது. அந்த மச்சான் பேர் பெரியசாமி. தங்கச்சி வீட்டுப் பொருள் ஏலத்தில் ஒத்தை ஆளோடு நிற்கிறது என்றால் அவருக்குச் சோறு இறங்காது. இன்னொரு பக்கம் என் சித்தப்பா மகன் செல்லமுத்துவுக்குச் சேதி எட்டிவிட்டது. பங்காளி மானம் தன் மானம் என்று அவனும் கிளம்பிவிட்டான். இருவரும் தனித்தனியாகப் போய், யாரிடமும் சொல்லக்கூடாது என்று சுமதியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு ஏலத்தில் இறங்கிவிட்டார்கள். நோன்பியில் நம்ம ஆள் என்று காட்டிக்கொள்ளாமல் கேட்டால்தான் மதிப்பு.

எனக்கு எதுவும் தெரியாது. அஞ்சாம் நாள் போனேன். விலை ஏறியிருந்தது. ஆறாம் நாள் போனேன். ஏலக்காய் விலைக்கு வந்திருந்தது.

"யார் கேக்கறாங்க கண்ணு?"

"ரெண்டு பேருங்ணா. பேர் சொல்லக் கூடாதுங்ணா." சுமதி என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒருத்தன் ஜெர்மனி, ஒருத்தன் சிங்கப்பூர் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

பெங்களூர் அம்மா கடைசியாக ஒரு வரி அனுப்பியிருந்தது: "எனக்கு ரசத்துக்குத்தான் மிளகு. நகை செய்ய இல்லை. வணக்கம்."

"அந்தம்மா நெசமா வாங்கறவங்கண்ணா. விட்டுறாதீங்க," என்றது சுமதி. கண்ணில் தண்ணி வராத குறை.

"போகட்டும். ஜெர்மனிக்காரன் இருக்கான்," என்றேன்.

அதோடு விட்டேனா? நேராக வியாபாரி கடைக்குப் போனேன். ஒன்றும் வாங்கவில்லை. விற்கவில்லை. விலையை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அவர் கையில் இருந்த டீ சாய்ந்து வேட்டியில் கொட்டியது. அன்றைக்கு பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

ஏழாம் நாள். வெள்ளைச் சட்டை. புதுத் துண்டு. மூட்டையை எடுத்துக்கொண்டு மூன்றரைக்குப் போய்விட்டேன். ஜெர்மனிக்கு அப்படியே அனுப்பிவிடலாம் என்று.

உள்ளே இரண்டு கம்ப்யூட்டர். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. சுமதி இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தது. மலைக்காரனுக்கு ரகசியம் பேசத் தெரியாது. ஒரு பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரிதான் பேச்சு.

"ஏத்து கண்ணு! அவன் எவனா இருந்தாலும் பாத்துக்கலாம்!"

குரல் தெரிந்த குரலாக இருந்தது. எட்டிப் பார்த்தேன். மச்சான்.

"ஏனுங்க மச்சான், இங்க என்னங்க?"

"சத்தம் போடாதீங்க மாப்ள. எவனோ ஒருத்தன் முட்டறான். உங்க மானத்தக் காப்பாத்திட்டு இருக்கறேன்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. "எவன்டா அது எங்கண்ணன் மிளகுக்கு முட்டறவன்?" என்று செல்லமுத்து எழுந்தான்.

தடுப்புக்கு மேலே இரண்டு தலை. ஒன்றை ஒன்று பார்த்தன. ஜெர்மனியும் சிங்கப்பூரும் பார்த்துக்கொண்ட இடத்தில் நான் மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதோடு நின்றிருக்கலாம். யார் நிறுத்துவது?

"பங்காளி பொருளுக்கு நான் கேக்காம வேற எவன் கேப்பான்?"

"பொண்ணு குடுத்தவன் நானிருக்கறப்ப நீ யாரு தம்பி?"

"ஏத்துங்க்கா!"

"ஏத்து கண்ணு!"

"நிறுத்துங்க," என்றேன். என் அளவுக்கு அது பெரிய பேச்சு. யார் காதிலும் விழவில்லை.

மணி நாலு. சுமதி இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டது.

"முடிஞ்சுபோச்சுங்க. பெரியசாமியண்ணனுக்குத்தான்."

மச்சான் சுற்றிப் பார்த்தார். "மூணு தரம் யாரும் சொல்லலையே?"

"கம்ப்யூட்டர் சொல்லாதுங்க."

சரி என்று என் முன்னால் வந்து தலையைக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. என் தோளில் இருந்த புதுத் துண்டை எடுத்து அவர் தலையில் கட்டினேன்.

"பணங்க மச்சான்?"

"அடுத்த நோன்பிக்கு மாப்ள. வழக்கம் தெரியாதுங்களா?"

பெண் கொடுத்த வீடு. என்ன பேசுவது? மூட்டையை நானே பஸ் மேல் ஏற்றிவிட்டேன். மச்சான் துண்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்து கும்பிட்டார். கீழே செல்லமுத்து, "அவருக்கு மட்டும் துண்டு. நான் மட்டும் என்ன, வேடிக்கை பாக்கவா வந்தேன்?" என்று கேட்டுவிட்டுப் போனவன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பெங்களூர் அம்மாவுக்கு சுமதி மறுபடி எழுதிப் பார்த்தது. வேறு இடத்தில் வாங்கிவிட்டார்களாம்.

அடுத்த சந்தைக்கே, வீட்டில் இடத்தை அடைக்கிறது என்று மச்சான் மூட்டையை விற்றுவிட்டார். யாரிடம் என்று சொல்லவேண்டியதில்லை. வியாபாரி ஒன்று கடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா காஞ்ச மிளகுங்க," என்றாராம். அடுத்த வருஷம் நானும் மிளகோடு அவரிடமே போனேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. தராசைத் துடைத்து வைத்தார். கேட்டிருந்தாலே தேவலை.

இதோடு முடிந்தது என்று இருந்தேன். சுமதி விடவில்லை. வாங்கியவர், விற்றவரைப் பற்றி கம்ப்யூட்டரில் ஒரு வார்த்தை எழுதவேண்டுமாம். நல்லவர், சுமார், மோசம் என்று மூன்று இருக்கும். ஒன்றைத் தொடவேண்டும். மச்சானைக் கூப்பிட்டனுப்பியது. மச்சான் வெகுநேரம் யோசித்தாராம். பொய் சொல்ல மனசு வரவில்லை. சுமதி எழுத எழுத இப்படிச் சொல்லியிருக்கிறார்: "மிளகு நல்ல மிளகு. அவ்வளவு தூரம் வந்து ஏலம் எடுத்தவனுக்கு ஒரு வாய் சோறு போடல. ஆள் சுமார்."

அதை சுமதி இங்கிலீஷில் உலகத்துக்கு எழுதிவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எனக்கு அதுதான் பேர். சந்தையிலிருந்து கத்தரிக்காய் வாங்கி வந்தால் ராசம்மா பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "காய் நல்ல காய்," என்று நிறுத்திக்கொள்ளும். மீதியைப் பிள்ளைகள் சொல்லும்.

போன வருஷம் என் மகளைப் பெண் கேட்டு வந்தார்கள். அடிவாரத்து ஆட்கள். என்னைப் பற்றி விசாரிக்க நேராக மச்சான் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். பொண்ணோட அப்பா எப்படிங்க என்று கேட்டிருக்கிறார்கள். மச்சான் அப்போதும் யோசித்திருக்கிறார்.

"பொண்ணு தங்கமுங்க. ஆள் சுமார்."

கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. சம்பந்தி என்னைக் கூப்பிடுவதே சுமார் சம்பந்தி என்றுதான்.