கோரிக்கை இல்லாத நடைபயணம்

மனிதனுக்கு ஓய்வு தேவை என்பதை அரசாங்கமே ஒத்துக்கொண்டிருக்கிறது. அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமையை விட்டுவைத்திருக்கிறது. அந்த ஓய்வை எப்படி எடுப்பது என்பதைத்தான் இப்போது கைப்பேசி முடிவு செய்கிறது. கள்ளக்குறிச்சியில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் சின்னதுரையை அது மலையில் கூடாரம் அடித்துப் படுக்கச் சொன்னது.

சின்னதுரையின் அப்பா கரும்புக் கொல்லையில் பன்றிக் காவலுக்குப் பரண் போட்டுப் பாதி ஆயுள் படுத்தவர். அப்போது அதற்குப் பெயர் தலையெழுத்து. இப்போது கேம்பிங். பெயர் மாறினால் கொசு கடிப்பதுகூட இனிக்கும் போலிருக்கிறது.

கூட்டாளிகள் இருவர். ஒருவன் உரக்கடை கண்ணாயிரம். இன்னொருவன் மூங்கில்துறைப்பட்டில் டிராக்டர் ரிப்பேர் பார்க்கும் மாயவன். புரட்டாசி முடிந்து, கோழி தின்னத் தடையில்லாத முதல் சனிக்கிழமை கல்வராயன் மலையில் நடப்பது, ஓர் ஓடையோரம் கூடாரம் அடிப்பது, ஒரு ராத்திரி சும்மா இருந்துவிட்டு இறங்குவது என்று ஏற்பாடு. சும்மா இருப்பதற்கும் அனுமதி வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். கண்ணாயிரம் தமிழ்ப் பற்றுள்ளவன். டிரெக்கிங், கேம்ப் என்று எழுத அவனுக்குக் கை வரவில்லை. 'நடைபயணம் மேற்கொண்டு முகாம் அமைக்க அனுமதி வேண்டுகிறோம்' என்று நல்ல தமிழில் எழுதினான். கெட்டது அங்கேதான்.

தாலுகா அலுவலகத்தில் கண்காணிப்பாளர் கொளஞ்சியப்பன் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நடைபயணமா? கோரிக்கை இன்னா?"

"கோரிக்கை ஒண்ணும் இல்லீங்க சார். சும்மா நடக்கிறோம்" என்றான் கண்ணாயிரம்.

"சும்மா யாருய்யா நடப்பாங்க? சாராயக் கடைய மூடுன்னு நடக்கிறாங்க. கரும்பு வெலைக்கு நடக்கிறாங்க. நீங்க எதுக்கு நடக்கிறீங்க?"

"ஒடம்புக்கு நல்லதுங்க."

"அது கோரிக்கையில வராது."

மாயவன் கூட்டாளியின் காதைக் கடித்தான். "வுட்டுடுறா. எங்க வூட்டு மாடியிலயே கூடாரத்த அடிச்சிக்கலாம்."

கொளஞ்சியப்பனுக்குக் காது நன்றாகக் கேட்கும். "தம்பி, கோரிக்கையோட நடக்கிறவனப் பத்தி எனக்குக் கவலையே இல்ல. கோரிக்கை இல்லாம நடக்கிறவன்தான் ஆபத்து. அவனுக்கு இன்னா சொல்லித் திருப்பி அனுப்புறதுன்னு எங்களுக்குத் தெரியாது."

சின்னதுரைக்குப் பொறுமை போயிற்று. "அந்த ஓடைக்குப் பாலம் வேணும்னு போட்டுக்குங்க சார்."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "இது நியாயமான கோரிக்கை. மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? சரி, முகாம். மருத்துவ முகாமா, குறைதீர் முகாமா?"

"தூங்குற முகாமுங்க."

அவர் அதைத் தமாஷாக எடுத்துக்கொண்டு, குறைதீர் முகாம் என்று எழுதி முத்திரை வைத்தார். தகவல் முறைப்படி மலைக்கும் போயிற்று. அரசுத் தகவல் ஒன்று உரிய நேரத்தில் உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது அந்த வட்டாரத்திலேயே முதல் தடவை என்கிறார்கள்.

சனிக்கிழமை வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி மூவரும் நடந்தார்கள். ஓடையில் இடுப்பளவு தண்ணீர். மாயவன் பாசியில் வழுக்கி உட்கார்ந்தான். கண்ணாயிரம் கோழிச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினான். சின்னதுரை இதையெல்லாம் படம் பிடித்து, சிக்னல் கிடைத்த ஒரு பாறைமேல் ஏறி, 'செம ஜாலி' என்று தலைப்புக் கொடுத்து உலகத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் ஈரத் துணியைப் பிழிந்தான்.

அக்கரையில் ஊரே உட்கார்ந்திருந்தது. ஆரஞ்சுக் கூடாரம் நிமிர்ந்ததும் அதன் வாசலுக்கு நேராக எழுந்து வரிசை கட்டிற்று. வெயிலுக்காக உள்ளே நுழைந்த கண்ணாயிரம் ஆபீசர் ஆகிவிட்டான். வரிசையில் முதல் ஆள் ஆயம்மாள்.

"ரேஷன் கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் நீங்க வந்த கரையிலதாங்க இருக்குது. மழ ஜாஸ்தியாச்சுன்னா தாண்ட முடியாது. என் மருமவளுக்குக் கார்த்திகையில பிரசவம். தூளி கட்டித் தூக்கினு போனாலும் தண்ணி வுடாதுங்க. ஒரு பாலம் போட்டுக் குடுங்க."

"நாங்க ஆபீசருங்க இல்லம்மா."

"முகாம்னு சொன்னாங்களே."

"இது தூங்குற முகாம்மா."

"எல்லா முகாமும் அப்பிடித்தானுங்க" என்றாள் அவள், கோபமே இல்லாமல்.

ஒருவன் நிழலில் உட்கார்ந்து எதிரே ஒருத்தி வெயிலில் நின்றால், சில வார்த்தைகள் தானாக வாயில் வந்துவிடுகின்றன. "பரிசீலிக்கிறோம்" என்றான் கண்ணாயிரம். சொன்ன பிறகு அவனுக்கே வெட்கமாக இருந்தது. கோழியை மூவரும் சமைத்து, வந்தவர்களுக்கே போட்டார்கள். அன்று ராத்திரி கூடாரத்துக்குள் யாரும் சும்மா இருக்கவில்லை. பாலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை கடைகளைத் திறக்காமல் நேரே அலுவலகம் போனார்கள். கொளஞ்சியப்பன் எழுந்து நின்று வரவேற்றார்.

"சார், அந்தப் பாலம் நெசமாவே வேணுங்க. ஒரு பொண்ணு மாசமா இருக்குது" என்றான் கண்ணாயிரம்.

"ஒங்க கோரிக்கைக்கு அப்பவே முடிவு எடுத்தாச்சே. இந்த ஆபீஸ்ல இவ்வளவு சீக்கிரமா எதுவும் முடிஞ்சதில்ல" என்று பெருமையோடு ஆணையைப் படித்தார். "மேற்படி ஓடையை மனுதாரர்கள் நடைபயணமாகவே, மலர்ந்த முகத்துடன் கடந்து சென்றது காணொளி வாயிலாகத் தெரிய வருவதால், பாலம் தேவையில்லை என முடிவு செய்யப்பட்டு, கோரிக்கை கனிவுடன் முடித்து வைக்கப்படுகிறது."

"அது வெளையாட்டுங்க சார்" என்றான் சின்னதுரை.

"எனக்கு எப்பிடிப்பா தெரியும்? ஒருத்தனாச்சும் மொகத்தச் சுளிச்சுக்கினு தாண்டினீங்களா? நானே லைக் போட்டிருக்கேன். எங்க வூட்டுப் புள்ளைங்க, நாமளும் அங்க போலாம்னு ஒரே அடம்."

சேதியைச் சொல்லக் கண்ணாயிரம் தனியாக மலை ஏறினான். தண்ணீர் இப்போது நெஞ்சளவு. ஆடாமல் தாண்டினான். படம் பிடிக்க யாரும் இல்லை. ஆயம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மருமகளை முந்தின நாளே ஆஸ்பத்திரி இருக்கும் கரையில் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டாளாம். முகாம் நடந்த அன்றே அந்த முடிவுக்கு வந்துவிட்டதாகச் சொன்னாள்.

"அடுத்த வாட்டி வந்தீங்கன்னா கொஞ்சம் அழுதுகினே தாண்டுங்க" என்று வழியனுப்பினாள்.

அடுத்த ஐப்பசியில் மூவரும் ஏற்காடு போனார்கள். அங்கே போன பக்கமெல்லாம் ஓடைக்குப் பாலம் இருந்தது. வீடியோ ஒன்றும் சரியாக வரவில்லை என்று சின்னதுரைக்கு ரொம்பக் குறை.