கான்வாய் அண்ணனும் நான் போகாத பாலைவனமும்

உலகத்திலேயே தனி ஆளாகக் கான்வாய் போன ஒரே மனிதரை எனக்குத் தெரியும். கான்வாய் என்றால் பத்துப் பன்னிரண்டு மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டிப் போவது. முன்னால் போகிறவர், குழி வந்தால் அந்தப் பக்கத்துக் காலை நீட்டிக் காட்ட வேண்டும். நிற்கப்போகிறார் என்றால் முஷ்டியை உயர்த்த வேண்டும். எங்கள் அண்ணன், பின்னால் ஈ காக்கை இல்லாவிட்டாலும் காட்டுவார். கேன்டீனில் தட்டோடு நடந்து போகும்போது ஈரத் தரையைப் பார்த்தால்கூடக் காலை நீட்டுவார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவர் கான்வாய் அண்ணன்தான்.

மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். நான் அங்கேயே ஸ்டோர் கிளார்க். இருவருக்கும் வீடு ஜார்ஜ்டவுனில், ஒரே அடுக்குமாடியில். காலையில் ஃபெர்ரியில் மோட்டாரை ஏற்றி அக்கரையில் இறங்கியதும் அவர் முன்னால், நான் பின்னால். இப்போது அவர் மகள் வீட்டோடு ஜொகூருக்குப் போய்விட்டார். நான் மட்டும் ஃபெர்ரி வரிசையில் நிற்கிறேன். முன்னால் நிற்கிறவனின் முதுகைப் பார்த்தால் சில நாள் எரிச்சலாக வருகிறது. அவன் என்ன செய்வான், பாவம்.

அண்ணனுடைய கைச்சாடைக்கு ஒரு வசியம் இருந்தது. ஒரு நாள் காலையில் பக்கத்து ஊரான பிறைக்குப் போக வேண்டிய ஆறு பேர், அவர் கை காட்டிய இடத்தில் மெதுவாகி, திரும்பிய இடத்தில் திரும்பி, எங்கள் தொழிற்சாலை வாசலில் வந்து வரிசையாக நின்றார்கள். காவலாளி, புதிதாக வேலைக்கு வந்தவர்கள் என்று ஆறு பேருக்கும் பாஸ் கொடுத்துவிட்டார். அதில் ஒருவர் மதியம் வரைக்கும் வேலை பார்த்ததாகச் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை.

பினாங்கில் மோட்டார் ஓட்டுகிறவனுக்கு மேம்பாலத்தடிதான் இரண்டாவது வீடு. மழை பிடித்தால் அங்கேதான் ஒதுங்க வேண்டும். அப்படி ஒதுங்கி நின்ற ஒரு சாயங்காலம்தான் அண்ணன் ஆரம்பித்தார்.

"தம்பி, மழையே இல்லாத ரோட்டுல ஒரு வாட்டி ஓட்டணும்டா. மணலு, மணலு, வெறும் மணலு. அப்புறம் பாத்தா, கடலு!"

"அப்படி ரோடு எங்கண்ணே இருக்கு?"

"ராஜஸ்தான்லா. பாலவனத்துல ஏறி, கட்ச் பக்கம் கடலப் புடிச்சு, கடலோரமாவே கன்னியாகுமரி வரைக்கும். அங்க மோட்டரு வாடகைக்குக் கெடைக்குதாம். நீ பின்னால வரணும். ஒத்த மோட்டரு போனா அது கான்வாயா?"

"வர்றேண்ணே" என்றேன். ஒன்பது வருஷம், ஒவ்வொரு மழைக்கும் "வர்றேண்ணே" என்றேன். பினாங்கில் எத்தனை மழை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒன்பதாவது வருஷம் அண்ணனுக்கு நீண்ட விடுப்பு கிடைத்தது. அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், லேசில் சம்மதிக்கவில்லை. கடைசியில் என்னை அழைத்துச் சொன்னார்: "தம்பி, நீ கூடப் போறேன்னுதான் செரின்னு சொல்றேன். இந்த மனுஷன் முன்னால பாத்து ஓட்டுறத விட பின்னால பாக்குறதுதான் ஜாஸ்தி. நீ இல்லன்னா இவர நான் அனுப்ப மாட்டேன்."

டிக்கெட் எடுத்தாயிற்று. நானும் லீவு போட்டாயிற்று. புறப்பட நான்கு நாள் இருக்கும்போது எனக்குப் பயம் வந்தது. வேறு காரணம் கிடையாது, பயம்தான். தெரியாத ஊர், தெரியாத ரோடு, நடுவில் வண்டி நின்றால் என்ன செய்வது என்ற பயம். வாயளவில் ஒன்பது வருஷம் ஓட்டியவனுக்குச் சாவியைக் கையில் கொடுத்ததும் வண்டியே வேண்டாம் என்றாகிவிட்டது.

"இடுப்பு வலிண்ணே" என்றேன்.

"எங்க வலிக்குது, காட்டு."

பதற்றத்தில் முழங்காலைக் காட்டினேன். அண்ணன் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"செரிடா. அக்காகிட்ட மட்டும் சொல்லிராத. சொன்னா எனக்கும் பயணம் இல்ல."

இப்படித்தான் நான் ஊரில் இருந்துகொண்டே ஊருக்குப் போன கதை தொடங்கியது. விமான நிலையத்துக்கு அக்கா வழியனுப்ப வந்துவிட்டதால் நானும் பையோடு போய் வரிசையில் நின்றேன். அக்கா கையசைத்துவிட்டுப் போனதும் அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "டிக்கெட்டு இருக்கு. பாஸ்போர்ட்டு இருக்கு. இப்பக் கூட வரலாம்டா." நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார். நான் வேறு வாசல் வழியாக வெளியேறி சிம்பாங் அம்பாட்டில் என் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்குப் போய் ஒளிந்துகொண்டேன்.

பதினெட்டு நாள். தினமும் அண்ணனிடமிருந்து குரல் பதிவு வரும். எல்லாமே 'நாம' கணக்குதான். "இன்னிக்கு நாம ஜெய்சல்மர விட்டுக் கெளம்பிட்டோம். நாம ஒட்டகம் பாத்தோம்." அவருடைய மனைவி என்னைப் போனில் கூப்பிட்டு விசாரிக்கும்போது நான் அதையெல்லாம் ஒப்பிக்க வேண்டும். ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே தகரக் கூரையில் சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது.

"என்னா தம்பி சத்தம்?"

"மண... மணல் காத்துக்கா."

"அங்க தவள கூட கத்துதே?"

"இங்க ஒட்டகம் இப்படித்தான் கத்தும்கா."

"செரி தம்பி, ஒடம்பப் பாத்துக்க" என்று அக்கா போனை வைத்துவிட்டார்.

பாலைவனத்தில் அண்ணனோ தன் பாட்டுக்கு ராஜ்யம் நடத்திக்கொண்டிருந்தார். நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிரே நிற்பவருக்குத் தமிழ் தெரியாது என்றால் வாய் தானாக மலாய்க்குத் தாவும். அண்ணன் ராஜஸ்தான் கிழவர் ஒருவரிடம், "பாக்சிக், சினி அடா ஆயர்?" என்று தண்ணீர் கேட்டிருக்கிறார். வறண்ட உதட்டைப் பார்த்தால் யாருக்குத்தான் புரியாது? கிழவர் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "இங்க எல்லாத்துக்கும் மலாய் வெளங்குதுடா!" என்று அன்றிரவு எனக்குச் செய்தி வந்தது. கன்னியாகுமரி போய்ச் சேரும் வரை அந்த நம்பிக்கையிலேயே இருந்தார்.

இன்னொரு வழக்கம், ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டுவது. நெஞ்சில் காற்று அடிக்காமலிருக்க பினாங்கில் எல்லாரும் அப்படித்தான் மாட்டுவோம். அங்கே ஒரு டீக்கடையில் நான்கு பேர் அவரைச் சுற்றி நின்று, இரக்கத்தோடு கழற்றி, சரியாக மாட்டிவிட்டு, தலையைத் தடவி அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த ஊர் எல்லையில் அண்ணன் அதை மறுபடி திருப்பி மாட்டிக்கொண்டார்.

கைச்சாடையால் வந்த கூத்து தனி. குழிக்குக் குழி கால், வளைவுக்கு வளைவு கை. பின்னால் வந்த லாரிக்காரர்கள் இந்த மனிதருக்கு ஏதோ ஆபத்து என்று நினைத்து வண்டியை நிறுத்தி ஓடி வந்தார்கள்.

"யாருக்குண்ணே சிக்னல் காட்டுனீங்க?" என்று கேட்டு நான் செய்தி அனுப்பினேன்.

"வேற யாருக்கு? ஒனக்குத்தான்" என்று பதில் வந்தது.

பத்தாவது நாளோ என்னவோ, கட்ச் தாண்டிக் கடல் வந்தது. அன்றைய குரல் பதிவில் பேச்சே இல்லை. ஒரு நிமிஷம் முழுக்க அலைச் சத்தம். கடைசியில், "கேட்டியா?" என்று ஒரே ஒரு வார்த்தை. அதை நான் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டேன். பினாங்கைச் சுற்றிலும் கடல்தான். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஆனால் மணலைத் தாண்டிப் போய்ப் பார்க்கும் அந்தக் கடலை நான் பார்த்ததில்லை.

"ஏன்டா அழுவுற?" என்றார் என் அக்கா.

"காரம்."

"அது தயிர் சோறுடா."

திரும்பும் நாள் நெருங்கியதும் எனக்குப் புதுக் கவலை. பாலைவனத்துக்குப் போனவன் கருக்க வேண்டாமா? மூன்று நாள் கொல்லைப்புறத்தில் சட்டையைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தேன். மூன்று நாளும் மழை. போதாக்குறைக்கு என் அக்கா வீட்டுச் சாப்பாட்டில் கன்னம் வேறு உப்பிவிட்டது. விமான நிலையத்தில் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்து, அண்ணன் தள்ளுவண்டியோடு வெளியே வந்ததும் பக்கவாட்டில் நுழைந்து கூட நடந்தேன். மனிதர் அடுப்புக்கரியாக இருந்தார். பாதியாக இளைத்திருந்தார். கண் மட்டும் அப்படி ஒரு பளபளப்பு. என்னைப் பார்த்ததும் கோபிப்பார் என்று நினைத்தேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

அவருடைய மனைவி எதிரே வந்து நின்று இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"அதெப்படி தம்பி? இவரு இப்படிக் கருத்துப் போயிட்டாரு. நீ மட்டும் வெளுத்துட்டே?"

அண்ணன் தள்ளுவண்டியை நிறுத்தினார். ஒரு கையை என் தோளில் போட்டுக்கொண்டார்.

"அவன் வழி பூரா என் நெழல்லயே வந்தான்லா."

அக்கா கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு என் பையை வாங்கிக்கொண்டு, "செரி, ரெண்டு பேரும் காடியில ஏறுங்க, பசியோட இருப்பீங்க" என்றார். அண்ணன் எனக்காக எத்தனையோ செய்திருக்கிறார். ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு பொய் மட்டும் உண்மையாக இருந்திருக்கக் கூடாதா என்று நான் இன்றைக்கும் ஏங்குகிறேன்.