புரட்டாசி எண்ணெய்

இரண்டு குண்டான்களில் எது சைவம் என்று அறிவழகனுக்குத் தெரியவில்லை. மணி மூன்றரை ஆகிவிட்டது. நான்கு மணிக்குக் கடையைத் திறந்தாக வேண்டும்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவன் நடத்துவது பொரித்த கோழிக் கடை. மற்ற மாதங்களில் பழுதில்லாமல் ஓடும். புரட்டாசி பிறந்தால் பாதி ஊர் கறியை விட்டுவிடும். அதனால் இந்த வருடம் கோழிக்கு ஒரு சட்டி, உருளைக்கிழங்கு ஃப்ரைஸுக்கும் பனீருக்கும் இன்னொரு சட்டி, அதற்குத் தனி எண்ணெய் என்று பிரித்திருந்தான். பிரிக்கச் சொன்னவர் மாடியில் குடியிருக்கும் கட்டட உரிமையாளர் கோவிந்தசாமி. புரட்டாசி சனிக்கிழமைகளில் திருவந்திபுரம் பெருமாளைப் பார்க்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர்.

"கோழிக் கடைக்கு எடம் விட்டதுக்கே சொந்தக்காரங்க என்னைக் கேக்குறாங்க" என்று சொல்லியிருந்தார். "பொரட்டாசில தனி எண்ணெய் வைக்கிறதுன்னா வையி. இல்லன்னா ஐப்பசில வேற எடம் பாத்துக்க."

சொன்னவரே தினமும் ஆறு மணிக்கு இறங்கி வந்து ஒரு தட்டு ஃப்ரைஸ் சாப்பிட்டார். அவர் மட்டுமில்லை, நாமம் போட்டவர்களும் துளசி மணி போட்டவர்களும் வரிசையில் நின்றார்கள். பதினெட்டு நாளாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

இன்று காலை சமையல்காரர் சின்னையன் இரண்டு சட்டி எண்ணெயையும் வடிகட்டிக் குண்டான்களில் ஊற்றி வைத்துவிட்டு, சிதம்பரத்தில் பிரசவமாகியிருக்கும் மகளைப் பார்க்கப் பேருந்து ஏறிவிட்டார். குண்டான்கள் இரண்டும் ஒரே அளவு. எண்ணெயும் ஒரே நிறம்.

அறிவழகன் அவருக்குப் போன் போட்டான். ஆஸ்பத்திரி இரைச்சலுக்கு நடுவே பதில் வந்தது.

"பச்ச மூடி சைவம் தம்பி. செவப்பு மூடி கோழி."

அறிவழகன் திரும்பிப் பார்த்தான். இரண்டு மூடிகளும் தொட்டிப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தன. அவன் மனைவி இளமதி துணியில் கை துடைத்துக்கொண்டு நின்றாள்.

"மூடிய யாரு எடுத்தது?"

"நான்தான் மாமா. பிசுபிசுன்னு இருந்துதுன்னு கழுவிப் போட்டேன்."

மோந்து பார்த்துவிடலாம் என்றான் அறிவழகன். மோந்தார்கள். அந்தக் கடைக்குள் சுவரில் மாட்டிய காலண்டர்கூடக் கோழி வாசம்தான் அடிக்கும். வெளிக்காற்றில் வைத்துப் பார்த்தால் தெரியும் என்று ஆளுக்கொரு குண்டானைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து, இரண்டையும் நடுவில் அருகருகே வைத்து, எதிரெதிரே நின்று, மாற்றி மாற்றி மோந்தார்கள்.

"எடது கையிப் பக்கம் இருக்கிறது சைவம்" என்றாள் இளமதி.

"எனக்கும் எடது பக்கந்தான் தோணுது."

இருவருக்கும் நிம்மதியாக இருந்தது. குண்டான்களை உள்ளே கொண்டுவந்து மேடையில் வைத்த பிறகுதான் இளமதிக்குச் சந்தேகம் வந்தது.

"மாமா, நான் உன்னப் பாத்துல்ல நின்னேன். என் எடது உனக்கு வலதுல்ல?"

அறிவழகன் வாசலைப் பார்த்தபடி நின்று கையை நீட்டினான். பிறகு திரும்பி நின்று நீட்டினான். பிறகு இளமதியைத் தன் இடத்தில் நிறுத்தினான். நான்காவது முறை யார் எங்கே நின்றார்கள் என்பதே மறந்துவிட்டது.

தின்று பார்ப்பது ஒன்றுதான் வழி. இளமதி விரதம், நாக்கில் வைக்க மாட்டாள். அறிவழகனுக்குச் சளி. பக்கத்துப் பூக்கடை சவரியம்மாளைக் கூப்பிட்டார்கள். அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர், புரட்டாசி அவரைக் கட்டுப்படுத்தாது. இரண்டு எண்ணெயிலும் நாலு துண்டு கிழங்கைப் பொரித்து இரண்டு தட்டில் கொடுத்தான்.

சவரியம்மாள் முதல் தட்டைத் தின்றார். "இது கோழி."

இரண்டாவதைத் தின்றார். "இதுவும் கோழிதாம்பா."

"அது எப்பிடி ரெண்டும் கோழியா இருக்கும்? ஒண்ணு சைவம்ங்க."

"அப்படியா? இன்னும் ரெண்டு குடு, பாக்குறேன்."

தட்டு காலியானதும் அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு மத்தியானம் வீட்ல கோழிக் கொழம்பு. அந்த நாக்குதான் இது. நம்பாத."

மணி நாலேகால். இனி யோசிக்க நேரமில்லை. குண்டான்கள் இரண்டையும் கோழிச் சட்டியிலேயே கவிழ்த்தான். இன்னொரு சட்டியைச் சோப்புப் போட்டு மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, புது டின்னை உடைத்து ஊற்றினான். பெருமாள் காப்பாற்றினார் என்று நினைத்துக்கொண்டான்.

முதல் ஆளாக வந்தவர் அருண்பாண்டியன். கோர்ட்டில் வேலை, நெற்றியில் பெரிய நாமம், தினமும் வருகிறவர். ஃப்ரைஸ் வெளுத்துப் போயிருந்தது. இரண்டு குச்சி கடித்தவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு அடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"எண்ணெய மாத்திட்டீங்களா?"

"ஆமாங்க. இன்னைக்குப் புத்தம் புது டின்னு."

தட்டை மேடையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பின்னால் வந்த மூன்று பேரும் ஆளுக்கு நாலு குச்சியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

"சந்தேகப்படுறாங்க இளமதி" என்றான் அறிவழகன். "நம்ம தெருவுல நின்னு மோந்துகிட்டு இருந்தத யாரோ பாத்திருக்காங்க."

அட்டை ஒன்றை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதி வாசலில் தொங்கவிட்டான். 'சைவத்துக்குத் தனிச் சட்டி, தனி எண்ணெய். கோழி வாசனை துளியும் இருக்காது. உத்தரவாதம்.'

வழக்கமாக வரும் இரண்டு பேர் அதை நின்று படித்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிரே டீக்கடைக்குப் போய்விட்டார்கள்.

அறிவழகன் உடைத்த டின்னை வாசலில் கொண்டுபோய் வைத்து, போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னான். "பாருங்க, வெறும் எண்ணெய் வாசந்தான், வேற ஒண்ணும் கெடையாது" என்றான். கூப்பிட்டவர்களெல்லாம் வருத்தமாகத் தலையை ஆட்டிவிட்டு நடந்தார்கள். ஐந்தே முக்காலுக்குக் கடையில் ஈ ஓட்டக்கூட ஈ இல்லை.

ஆறு மணிக்குக் கோவிந்தசாமி இறங்கி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு குச்சியை எடுத்து மென்றார். இன்னொன்றை எடுத்து, வாய்வரை கொண்டுபோய், தட்டிலேயே வைத்தார்.

"ஒடம்பு சரியில்லீங்களா பெரியப்பா?" என்றாள் இளமதி.

"நல்லாத்தான் இருக்கேன்." கோவிந்தசாமி எழுந்தார். "நாளைக்குக் காலைல மேல வா அறிவு. கடை விசயமாப் பேசணும்."

அவர் படியேறும் சத்தம் மேலே போய்ச் சேரும்வரை அறிவழகன் அசையவில்லை. எட்டு வருடக் கடை. இவ்வளவு சுத்தமாகச் செய்த அன்றைக்குத்தானா போக வேண்டும்? எங்கே தப்பு நடந்தது என்று அவனுக்கு விளங்கவே இல்லை.

ஆறரைக்குச் சின்னையன் இனிப்புப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தார். பேத்தி பிறந்திருக்கிறாள். நடந்ததையெல்லாம் கேட்டவர், பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"தம்பி, ஒண்ணு சொல்லுவேன், கோவிச்சுக்கக் கூடாது. மொத நாளு மட்டுந்தான் தனியா இருந்துது. ரெண்டாம் நாளு கூட்டத்துல சைவச் சட்டில எண்ணெய் கொறஞ்சு போச்சு. அவசரத்துக்குக் கோழிச் சட்டிலேர்ந்து நாலு கரண்டி அதுல ஊத்துனேன். அப்பறம் தெனமும் அப்பிடியே பழகிப்போச்சு. மூடிதான் வேற வேற."

அறிவழகன் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். பதினேழு நாள். எத்தனை நாமம், எத்தனை துளசி மணி.

"சவரியம்மா நாக்கு பொய் சொல்லலியே" என்றாள் இளமதி மெதுவாக.

"மேல போய்ச் சொல்லிடுறேன்" என்றான் அறிவழகன். "காலி பண்ணச் சொன்னா பண்ணிடுறேன். பெருமாளுக்கு யாரு பதில் சொல்றது?"

அவன் எழுவதற்குள் கோவிந்தசாமியின் மனைவி தங்கம்மாள் ஒரு காலி டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"அவுரு ராச்சாப்பாடும் வேணாம்னு படுத்துட்டாரு" என்றார். "என்னப்பா பண்ணி வச்சிருக்க கடைய?"

அறிவழகன் கை கூப்பினான். "அம்மா, நீங்க எல்லாரும் மன்னிக்கணும். இத்தினி நாளா உங்களுக்குப் போட்டதுல கோழி எண்ணெய் கலந்திருக்குது. சத்தியமா எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். இனிமே கலக்காது. இன்னைக்கே புது எண்ணெய்க்கு மாத்திட்டேன்."

தங்கம்மாள் வாசல் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. டப்பாவின் மூடியைத் திறந்து, கோழிச் சட்டிக்கு நேராக நீட்டி, குரலைத் தாழ்த்தினார்.

"கோழியத்தான் தம்பி விட்டோம். அந்த வாசனையவும் விட்டுட்டா பொரட்டாசிய எப்பிடிப்பா தள்ளுறது?"