பதினான்காம் விதியும் ரப்பர் கன்றுக்குட்டியும்

விர்ராபீன் ஊரில் நடக்கும் கன்ட்ரி இசை விழாவின் பதினான்காம் விதி இது: பெரிய மேடையில் பாடும் எவரும் பண்ணை வாழ்வோடு தமக்குள்ள தொடர்பைத் தக்க சான்றுடன் மெய்ப்பிக்க வேண்டும்.

எங்களுடையது கன்ட்ரி என்னும் பண்ணைப்புறப் பாட்டும் பாப்பும் கலந்த ராக் குழு. பாதிப் பாட்டு மாட்டுத் தொழுவத்தில், மீதி டிஸ்கோவில். முன்னால் நின்று பாடுகிறவன் கிளின்ட் ஹார்விக். டிவி தொடரில் ஒன்பது வருடம் கால்நடை மருத்துவராக நடித்தவன். ஒரு பூனைகூட வளர்த்ததில்லை. நான் மெர்வ், குழுவின் மேனேஜர். முன்பு பால் பண்ணையில் வேலை பார்த்து, பிறகு பழைய கார் விற்றவன். சனிக்கிழமை மேடை கிடைக்காவிட்டால் குழுவே கலைந்துவிடும் என்று டிரம்ஸ் வாசிக்கும் டீகன் சொல்லிவிட்டாள்.

விழா அலுவலகத்தில் லொரேன் மேடம் படிவத்தைப் பிரித்தார்.

"பண்ணைத் தொடர்பு?"

"இருக்கு மேடம்! பதினாலு வருஷம் பால் கறந்திருக்கேன். பாருங்க, மாடு மிதிச்ச விரல்" என்று கையை மேசைமேல் விரித்தேன்.

"விரல் சான்றாகாது. நீங்க பாடுவீங்களா?"

"இல்ல."

"அப்ப மேசையிலேர்ந்து கையை எடுங்க."

எனக்குக் கொதித்தது. பாதி நேரமாவது கொடுங்கள் என்று பேரத்தை ஆரம்பித்தேன். அதற்குள் மேடம் என் பின்னால் நின்ற கிளின்டைப் பார்த்துவிட்டார்.

"ஐயோ, டாக்டர்! வெள்ளத்துல கன்னுக்குட்டியத் தூக்கிட்டு வந்தீங்களே!"

"அது ரப்பர் கன்னுங்க."

"என்ன ஒரு அடக்கம்! டாக்டர், என் குதிரை நொண்டுது..."

கிளின்ட் டிவி டாக்டரின் பழக்கதோஷத்தில் ஜன்னலைப் பார்த்து, ஒரு விளம்பர இடைவேளை அளவுக்கு மௌனமாக நின்றான். பிறகு, "ஓய்வு குடுங்க" என்றான்.

இரண்டு முத்திரைகள் விழுந்தன. ஒன்று பாடகருக்கு. இன்னொன்று விழாவின் அதிகாரபூர்வக் கால்நடை மருத்துவருக்கு.

"அண்ணே, நான் வெறும் நடிகன்னு சொல்லிடுங்க."

"வாயை மூடுடா. மேடை கிடைச்சிருச்சு."

சனிக்கிழமை வரலாறு காணாத கூட்டம். அதில் பாதிக்கு நான்கு கால். முதல் பாட்டு முடியுமுன் ஒருவர் செம்மறியை மேடையேற்றினார். கிளின்டிடம் காட்ட நின்ற வரிசையில் ஊரின் அசல் கால்நடை மருத்துவரும் தன் குதிரையோடு நின்றார்.

"நீங்க எதுக்குய்யா?"

"இன்னொரு டாக்டர் கருத்தும் கேட்டுக்கலாமேன்னுதான்."

இரண்டாம் பாட்டு வரவேயில்லை. "நாங்க வாசிக்க வந்தோமா, மாட்டுச் சந்தைக்கு வந்தோமா?" என்று டீகன் குச்சிகளை என்மேல் எறிந்துவிட்டுப் போனாள். குழுவில் வாசிக்கும் மற்ற இருவரும் அவள் பின்னால் போனார்கள்.

வேனில் கிளின்டைப் பிடித்துக்கொண்டேன். "நீ டாக்டரே இல்லடா! ஒருத்தன்கிட்டயாவது அழுத்திச் சொன்னியா? உன்னால குழுவே போச்சு!"

தொண்டை வற்றும்வரை கத்தினேன். பிறகு கதவைச் சாத்தி, குரலைத் தாழ்த்தினேன்.

"என் நாய் மூணு நாளா சாப்பிடல."

கிளின்ட் ஜன்னலைப் பார்த்தான். விளம்பரம் முடியட்டும் என்று நானும் காத்திருந்தேன்.