மூன்றாகப் பிரிப்பவர்

நெல்லில் எத்தனையோ ரகம் பார்த்திருப்பீர்கள். மனிதரில் புதிதாக ஒரு ரகம் எங்கள் நீடாமங்கலம் பக்கம் முளைத்திருக்கிறது: கன்சல்டிங் கம்பெனி இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர். முதலாளிகளுக்கு யோசனை சொல்லிச் சம்பளம் வாங்கும் உத்தியோகம் அது. இன்டர்வியூவில், நஷ்டத்தில் ஓடும் ஏதோ ஒரு கம்பெனியின் கதையைச் சொல்லி, என்ன செய்யலாம் என்பார்கள். உடனே பதில் சொன்னால் தொலைந்தீர்கள். ஒரு நிமிடம் அவகாசம் கேட்க வேண்டும். விஷயத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டும். எதிரே இருப்பவரையே நாலு கேள்வி கேட்க வேண்டும். கடைசியில் புன்னகையோடு பரிந்துரை. அறைக்குள் செய்தால் சரி. இந்த ரகம் அறைக்குள் நிற்குமா?

எதிர்வீட்டு ராஜாத்தியின் மகன் குஞ்சிதபாதம் வடக்கே பெரிய படிப்பு படிக்கிறான். லீவுக்கு வந்தவன் டீக்கடையில் உட்கார்ந்து, இந்த ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை டீ விற்கும் என்று மக்கள்தொகையிலிருந்து கணக்குப் போட்டு இறங்கி வருவதற்குள் அவன் டீ ஆறி ஆடை கட்டிவிடும். விற்கிற ஹாஜா மைதீன் பக்கத்திலேயே நிற்கிறார். அவரைக் கேட்கக் கூடாதாம். சாப்பிட வாடா என்றால் பசியை மூன்றாகப் பிரிப்பான். பெருமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது என்று ராஜாத்தி என்னிடம் சொன்னாள்.

அன்றைக்கு அவள் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. குறுவை நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது. எந்தக் கட்சி ஆண்டாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வது வரம்தான். வாய்க்காலில் அன்று பொழுது சாயும்வரை அவர்களுக்கு முறை. சாய்ந்தால் பங்காளி வைரக்கண்ணுவுக்கு. புருஷன் சிங்கப்பூரில், இவளுக்குக் காலில் சுளுக்கு. போய் மடையைத் திறந்துவிடு என்று மகனை அனுப்பினாள்.

மடையில் வைரக்கண்ணு மண்வெட்டியோடு நின்றார். கட்சியில் கிளைச் செயலாளர். வரப்புத் தகராறில் இந்தக் குடும்பத்தைக் கோர்ட்டுக்கு இழுத்தவர். சும்மாதான் கேட்டார்:

"தண்ணி யாருக்குப் பாயணும் தம்பி?"

"ஒரு நிமிஷம் டைம் எடுத்துக்கலாமா சித்தப்பா?"

"தாராளமா எடுத்துக்க."

எடுத்துக்கொண்டான். அப்புறம் தூரம், மண், பரப்பு என்று மூன்றாகப் பிரித்தான். யார் வயல் மடைக்குப் பக்கம், வழியில் எவ்வளவு தண்ணீரை வாய்க்கால் குடிக்கும், யாருக்கு நிலம் அதிகம் என்று அவரையே கேட்டான். வைரக்கண்ணு ஆற அமர, அனுபவித்துப் பதில் சொன்னார். முறை யாருடையது என்று மட்டும் இவனும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பரிந்துரை வந்தது: தண்ணீர் வீணாகாமல் இருக்க, சித்தப்பா வயலுக்கே பாய வேண்டும். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி என்று கையும் கொடுத்தான், படுபாவி.

ராஜாத்தி நொண்டிக்கொண்டே மடைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. வைரக்கண்ணுவின் வயல் மினுமினுத்தது.

"நாத்து கருகுதுடா. உன்கிட்ட நான் யோசனையா கேட்டேன்?"

அதற்கும் ஒரு நிமிடம் கேட்டான்.

நாற்று கருகியது. வைரக்கண்ணுவின் வாசலில் போய் நின்று, அவர் நட்டது போக மிச்ச நாற்றைக் கேட்டு வாங்கி நட்டாள் அந்த மகராசி. எனக்கு வயிறு எரிந்தது. குஞ்சிதபாதத்துக்கு வேலை கிடைத்துவிட்டது. இன்டர்வியூவில் இந்த மடைக் கதையைத்தான் சொன்னானாம், எதிர்த்தரப்பே மகிழ்ந்து ஏற்றுக்கொண்ட பரிந்துரை என்று.

சிரிக்கிறீர்கள். சரி, உங்களையே கேட்கிறேன்: தப்பு யார் மேல்? மகன் மேலா, சித்தப்பா மேலா, அனுப்பிய தாய் மேலா என்று மனசுக்குள் மூன்றாகப் பிரித்துவிட்டீர்களா? போச்சு போங்கள். இந்நேரம் உங்கள் முறைத் தண்ணீர் யார் வயலில் பாய்கிறதோ, எழுந்து போய்ப் பாருங்கள்.