பெயரிங்குக்குப் பொட்டு வைத்தவன்

கடவுளுக்கும் காருக்கும் நடுவில் புகுந்து நான் ஒருமுறை பெரிய வில்லங்கம் செய்திருக்கிறேன். அதில் கடவுள்மேல் பிழையில்லை. கார்மேலும் பிழையில்லை. மிச்சம் யாரென்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. டென்மார்க்கில், வைலே என்ற ஊரில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் நானும் குலம் அண்ணையும் வாடகைக்கு இருந்தோம். கல்யாணம் கட்டிய கையோடு நாட்டைவிட்டு ஓடி வந்தவன் நான். மனைவி பவானிக்கு விசா கிடைத்து, கோப்பன்ஹேகனில் வந்து இறங்கப்போகிறாள் என்று செய்தி வந்தது. டெலிபோனில், "நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். நான் என்ர காரில வந்து ஏத்துவன்" என்று விளாசிவிட்டேன். பக்கத்தில் நிற்கும் மாமனாருக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். (அந்த மனுசன் என்னை ஒருநாளும் ஓர் ஆளாக மதித்ததில்லை.)

பொய்யில்லை, கார் இருந்தது. கிழட்டுக் கார். அதன் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு எப்போதும் எரியும். இன்ஜின் நன்றாக ஓடுகிறது என்பதற்கு அடையாளம் என்று நினைத்து, சந்தோசமாக ஓட்டித் திரிந்தேன். எண்ணெய் இல்லை என்று அது கத்திக்கொண்டிருந்திருக்கிறது! கடைசியில், உள்ளே யாரோ உலக்கை போடுவது போலச் சத்தம் வரத் தொடங்கியது.

குலம் அண்ணை காதை வைத்துக் கேட்டார். ஊரில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மிசின்களைத் திருத்தியவர்.

"பெயரிங் போய்ட்டுது."

"இப்ப என்ன அண்ணை செய்யிறது? பவானி வாறாள்."

"என்ன செய்யிறது, கழட்டிப் பூட்டுறதுதான். மிசின் எண்டா மிசின்தான்."

வீட்டுக்கார அம்மாவின் ஆப்பிள் மரக் கொப்பில் கப்பி கட்டி இன்ஜினைத் தூக்கினோம். அந்த மனுசி யன்னலால் பார்த்தபடி கோப்பி குடித்தார். அவருடைய கவலையெல்லாம் மரத்தைப் பற்றித்தான். இன்ஜின் எங்கள் குசினி மேசையில் ஏறியது. நாங்கள் இருவரும் நிலத்தில் இருந்து சாப்பிட்டோம்.

இன்ஜினின் வயிற்றுக்குள் சுழலும் கனமான தண்டைத் தாங்குவதுதான் இந்தப் பெயரிங்குகளின் வேலை. பார்த்தால் வளைந்த, பளபளப்பான அரைவட்டத் தகடுகள். தண்டைப் பட்டறையில் கொடுத்துக் கடைந்து எடுத்து, புதுப் பெயரிங்குகளும் வாங்கினோம். அண்ணை கட்டில் விரிப்பைச் சுற்றிவரத் தொங்கவிட்டு, மேசைப் பக்கம் என்னைத் தும்மக்கூட விடவில்லை.

"தம்பி, பெயரிங்கில ஒரு தூசி பட்டாலும் துலைஞ்சுது. விளங்குதோ?"

"ஓம் அண்ணை."

விளங்கத்தான் செய்தது. தகடுகளை இடத்தில் பதித்துவிட்டு, "எண்ணெயைப் பூசி வை, வாறன்" என்று சொல்லி அண்ணை ஏதோ சாமான் வாங்கக் கடைக்குப் போனார். நான் தனியே நின்று தகடுகளைப் பார்த்தேன். எங்கள் ஊரில் திருநீறு பூசாமல் ஒரு வண்டியும் தெருவில் இறங்காது. ஆனால் பொனெட்டில் பூசினால் டென்மார்க் மழை அன்றைக்கே கழுவிவிடும். உள்ளே பூசினால்? நிரந்தரம்! (திருநீறு தூசியில்லையே.)

அம்மா அனுப்பிய கோயில் திருநீற்றை எடுத்தேன். ஒவ்வொரு தகடும் அச்சொட்டாக ஒரு நெற்றி மாதிரியே இருந்தது. மூன்று விரலால் மூன்று குறி இழுத்தேன். அதைவிட அதிசயம், ஒவ்வொரு நெற்றியின் நடுவிலும் ஒரு சின்ன ஓட்டை இருந்தது, பொட்டுக்கென்றே விட்டு வைத்த இடம் போல. சந்தனத்தைக் குழைத்து அந்த ஓட்டைகள் எல்லாவற்றிலும் அழுத்தி வைத்தேன். மேலே எண்ணெயை ஊற்றினேன். அண்ணை வந்து ஒன்றும் அறியாமல் தண்டை இறக்கிப் பூட்டினார்.

திறப்பை ஒருமுறை திருப்பியதுமே இன்ஜின் பிடித்தது. அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கடவுள்மேல் நன்றி பொங்கியது.

கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். பாதி வழியில் சிவப்பு விளக்கு எரிந்தது. இப்போது அர்த்தம் தெரியும். ஆனாலும் பவானி வருகிறாளே! உலக்கைச் சத்தத்தோடேயே போய்ச் சேர்ந்தேன், கார்களை ஏற்றிக் கடல் கடக்கும் கப்பலுக்கு. (பாலமெல்லாம் பிறகு வந்த சொகுசு.) உள்ளே நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். அக்கரையில் கதவு திறந்தபோது அது அசையவே இல்லை. இறுகிவிட்டது. எனக்குப் பின்னால் ஒரு வரிசைக் கார். ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. அமைதியாக இருந்து பார்த்தார்கள். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கப்பல்காரர்கள் தள்ள, கோட்டும் டையுமாக நான் உள்ளே இருந்து திசை திருப்ப, மாப்பிள்ளை ஊர்வலம் கரையேறியது.

காரைத் துறைமுகத்துக்குப் பக்கத்து மெக்கானிக் ஒருவரிடம் விட்டுவிட்டு, ரயிலில் ஓடினேன். விமான நிலைய வாசலில் பவானி பெட்டிமேல் குந்தியிருந்தாள். அவளைக் கண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"காரெங்க?"

"கப்பலால இறக்கியாச்சு."

"இப்பத்தானோ கப்பலில வந்து இறங்கினது? அப்ப அப்பாவுக்கு இவ்வளவு நாளும் என்ன சொன்னனீங்கள்?"

திரும்பும் வழியில் மெக்கானிக்கிடம் போனோம். அவர் இன்ஜினின் அடிவயிற்றைத் திறந்து வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். கையில் ஒரு பெயரிங். அரைத்து எடுத்தது போல எங்கும் கீறல். எண்ணெய் வந்து சேரவேண்டிய ஓட்டையில் மஞ்சளாக ஏதோ கல்லாகிக் கிடந்தது.

"இது என்ன?" என்று டேனிஷில் கேட்டார்.

ஆசீர்வாதத்துக்கு டேனிஷில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. "மெடிசின்" என்றேன்.

"ஆள் செத்துப்போச்சு" என்றார் அவர்.

பவானி அதை வாங்கி மோந்து பார்த்தாள். "இதென்ன, சந்தனம் மணக்குது?" பிறகு ஓரத்தில் அப்பியிருந்த சாம்பலை விரலால் தொட்டாள். என்னைப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, நாங்கள் குத்துவிளக்கை என்னத்தால மினுக்கிறனாங்கள்? சாம்பலாலதானே? பித்தளையே தேயும். நீங்கள் அதைக் கொண்டுபோய் இதுக்குள்ள பூசினனீங்களோ?"

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். வைலேக்குப் போகும் ரயில் முழுக்கச் சிரித்தாள். அந்நிய நாட்டில் அவளுடைய முதல் நாள் அழுகையோடு போகுமோ என்று பயந்துகொண்டிருந்த எனக்கு, மானம் போனாலும் பரவாயில்லை என்றே பட்டது. குலம் அண்ணைதான் ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை.

அன்றிலிருந்து நான் நெற்றிக்குப் பொட்டு வைக்கப் போனால், "ஓட்டை இருக்கோ எண்டு பாத்து வையுங்கோ" என்பது எங்கள் வீட்டு மந்திரம். பிள்ளைகள் அதையே டேனிஷில் சொல்லி வளர்ந்தார்கள்.

போன வருடம் மகளின் கல்யாணம். மாப்பிள்ளை டேனிஷ்காரப் பொடியன். மணவறையில் நான் சந்தனத்தைத் தொட்டுப் பெருவிரலை நீட்டினேன். அவன் பயபக்தியோடு கண்ணை மூடி, தன் நெற்றியின் நடுவைச் சுட்டுவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஓட்டை இல்லை மாமா, வையுங்கோ" என்றான், சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில்.