பந்து சைஸ் கிராம்பு

மரத்தில் தொங்கிய போர்டு, லிஃப்ட் மெக்கானிக்கின் கையோடு வந்துவிட்டது.

‘கிராம்பு’ என்று எழுதிய தகரம். இருநூறு வருஷத்துப் பூங்கா. பத்தடிக்கு ஒரு ‘தொடாதீர்கள்’. இன்னும் கால் மணி நேரத்தில் பெண்ணின் அப்பா வேறு வந்துவிடுவார். முப்பது வருஷம் தாவரவியல் நடத்திய வாத்தியார். ஒரே கண்டிஷன்தான் போட்டிருந்தார்: “மரத்துக்குப் பேர் சொல்லட்டும், பொண்ணத் தர்றேன்.”

அதற்குத்தான் முன்னாடியே வந்து போர்டு போர்டாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தான்.

கம்பியை முறுக்கி மாட்டினான். அதோடு போயிருக்கலாம். தொழில் புத்தி விடுமா? ஒரு போல்ட் லூஸ் என்றால் மற்றதையும் ஆட்டிப் பார்ப்பான் லிஃப்ட்காரன். பக்கத்து மரத்துப் போர்டை ஆட்டினான். கழன்று வந்தது. அடுத்தடுத்து இன்னும் மூன்று வந்தன. எல்லாவற்றையும் மொத்தமாக இறுக்கிவிடலாம் என்று முதல் போர்டையும் கழற்றினான்.

இப்போது ஐந்தும் கையில், சீட்டுக்கட்டு மாதிரி. எது எந்த மரத்துது?

“அதோ நிக்கிறார்ப்பா!” என்று பெண்ணின் குரல்.

அவசரத்தில் கைக்கு வந்ததை எட்டின இடத்தில் மாட்டினான். கடைசிப் போர்டு ஒரு விளக்குக் கம்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

வாத்தியார் வந்ததுமே ஆரம்பித்தார். “இது என்ன மரம், தம்பி?”

அடிமரம் முழுக்கப் பந்து பந்தாகக் காய் தொங்கியது. மெக்கானிக் போர்டைப் பார்த்தான்.

“கி... கிராம்பு, சார்.”

“கிராம்பா?” என்றாள் பெண். “ஒண்ணு தலையில விழுந்தா ஆளே காலி!”

வாத்தியார் ஓரக்கண்ணால் போர்டைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

“கிராம்பேதான்மா. இருநூறு வயசு மரம். காய் கொஞ்சம் வளராதா?”

“சரி, இந்த மூங்கில்?” என்று பெண் காட்டினாள்.

“ஜாதிக்காய்,” என்றான், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

“சபாஷ்! அது?”

“சந்தனம், சார்.”

“அப்பா, அதுல பல்பு இருக்குப்பா!”

“பூ விட்டிருக்கும்மா. நடுவுல பேசாதே.” வாத்தியார் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். “இனிமே நீங்கதான் மாப்ளே!”

பின்னாலிருந்து தோட்டக்காரர் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு வாத்தியாரிடம் வந்தார்.

“ஐயா, மனப்பாடம் பண்றேன்னு நேத்து நீங்க கழட்டி மாத்தி மாட்டுனதையே நாங்க இன்னும் சரி பண்ணி முடிக்கல, அதுக்குள்ள மாப்ளையும் ஆரம்பிச்சுட்டாரா?”